விருந்தாளி வரிசை

எங்கள் ஜும்பேர் அண்ணனிடம் யாராவது தொலைபேசியில் "எப்போ வந்தா நல்லாயிருக்கும்?" என்று கேட்டுவிட்டால் போதும், மனிதர் முகத்தில் ஒரு களை வந்துவிடும். கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். மே மாதம் வந்தால் தலைநகர் திபிலிசியில் புது ஒயின் திருவிழா, அதைப் பார்த்துவிட்டு இங்கே வரலாம். செப்டம்பரில் திராட்சை வெட்டு. அதன் கடைசியில் அலவெர்தி தேவாலயத் திருவிழா, இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். நவம்பரில் புனித ஜார்ஜ் நாள், மண்ணில் புதைத்த ஒயின் சாடிகளைத் திறக்கிற நேரம். இப்படியே சொல்லிக்கொண்டு போவார். போலந்துக்காரனானாலும் ஜப்பான்காரியானாலும் அண்ணன் சொன்ன வாரத்துக்குத்தான் டிக்கெட் எடுப்பார்கள்.

அவர் என் பெரியப்பா மகன். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு அக்ரூட் மரம்தான் எல்லை. அவர் வீட்டு மாடியில் விருந்தாளிகளுக்கென்று மூன்று அறைகள் உண்டு. அவர்களுக்கு ரொட்டி சுட்டுக் கொடுப்பது நான். அதனால் அவர் செய்கிற எல்லாவற்றையும் பார்க்கவும், பார்த்ததைச் சொல்லவும் எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன். அவர் அப்படி நினைப்பதில்லை.

திராட்சை நாள் பார்த்துப் பழுக்காது. ஒரு வருஷம் முந்தும், ஒரு வருஷம் பிந்தும். ஆனால் விருந்தாளி ஆறு மாதம் முன்பே டிக்கெட் எடுத்துவிடுகிறான். வந்து பார்த்தால் தோட்டம் காலியாக இருந்தால் என்ன செய்வது? அதற்காக அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். சாலையோரமாக இருக்கும் ஒரு வரிசையை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுவார். அக்டோபரில் வருகிறவர்களும் ஆளுக்கொரு கத்தரி வாங்கிக்கொண்டு குலைகளை வெட்டலாம், தொட்டியில் இறங்கி மிதிக்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். ஊரில் அதற்கு விருந்தாளி வரிசை என்றே பெயர். இது ஏமாற்று வேலை இல்லையா என்று நான் கேட்டிருக்கிறேன். திராட்சை நிஜம், கத்தரி நிஜம், இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது என்பார். ஒருமுறை ஒரு செக் நாட்டுக்காரர் விரலை வெட்டிக்கொண்டு, ரத்தத்தோடு சிரித்தபடி, தன் வாழ்க்கையிலேயே இதுதான் நல்ல நாள் என்றார். அதற்குப் பிறகு அண்ணனிடம் யார் பேச முடியும்?

அண்ணனுக்கு ஒரே மகள், மாகா. எங்கள் ஊர்ப் பெண்கள் பலரையும் போல இத்தாலிக்குப் போனவள். பாரி நகரத்தில் ஒரு வயதான ஓய்வுபெற்ற வாத்தியாரைப் பார்த்துக்கொள்கிறாள். போனவள் போனவள்தான், வீட்டுப் பக்கம் வரவே முடியவில்லை. போன வருஷம் வசந்தத்தில் போன் செய்து, ஒரு வாரம் லீவு கிடைக்கும், எப்போது வரட்டும் என்று கேட்டாள். கூடவே இன்னொன்றும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். வாத்தியாரின் பிள்ளைகள் அவளை நிரந்தரமாக அங்கேயே இருந்துவிடச் சொல்கிறார்களாம், காகிதமெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். ஊருக்கு வந்துபோன பிறகு பதில் சொல்கிறேன் என்று தள்ளிப் போட்டிருக்கிறாள். இதை என்னிடம் வந்து சொன்னது அவள் அம்மா சியாலா.

அண்ணனுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. வெட்டு நடக்கிற நேரத்தில் வந்து, ஊரே தோட்டத்தில் நிற்பதைப் பார்த்து, புதுச்சாறு ஒரு வாய் குடித்துவிட்டால் அவள் திரும்பிப் போகவே மாட்டாள் என்றார். நான் ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே, அவளுக்கு எப்போது தோதுப்படுமோ அப்போது வரட்டுமே என்றேன்.

"லம்சிரா, ஒண்ணுமே நடக்காத வாரத்துக்கு எவளாவது டிக்கெட் எடுப்பாளா?" என்றார்.

செப்டம்பர் கடைசி வாரம், அலவெர்தி திருவிழாவோடு சேர்த்து. இத்தனை வருஷம் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் நாள் குறித்துக் கொடுத்த மனிதர், தன் பிள்ளைக்குக் குறித்ததுதான் தப்பிப் போனது.

ஜூலையிலிருந்து மழையே இல்லை. வெயில் கொளுத்தியது. செப்டம்பர் பாதி வருவதற்குள் திராட்சை தேனாகிவிட்டது. அண்ணன் காலையும் மாலையும் வரிசைகளுக்கு நடுவே நடந்து, பழத்தை வாயில் போட்டு, விதையைக் கடித்துப் பார்த்துத் துப்பிக்கொண்டே இருந்தார். இன்னும் பச்சையாக இருக்காதா என்ற ஆசை. விதை நன்றாக முற்றி, பல்லில் நொறுங்கியது. போதாக்குறைக்கு மலைப்பக்கம் மழை வருகிறது என்று செய்தி வேறு. மகளிடம் உண்மையைச் சொல்லிவிடச் சொன்னோம். அவளால் தேதியை மாற்ற முடியாது, வாத்தியாரின் பிள்ளைகள் அவள் லீவை வைத்துத்தான் தங்கள் லீவைப் போட்டிருக்கிறார்கள், சொல்லி எதற்கு அவள் மனதைக் கெடுப்பது என்றார். சொல்லவே இல்லை.

வெட்டினோம். அக்கம்பக்கம் எல்லோரும் வந்தார்கள், எதிர்வீட்டுக் கேலா தன் டிராக்டரைக் கொண்டுவந்தான். சாறெல்லாம் சாடிகளுக்குப் போய்ப் பொங்க ஆரம்பித்தது. விருந்தாளி வரிசையையும், அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு வரிசையையும் மட்டும் அண்ணன் மகளுக்காக விட்டுவைத்தார்.

அதற்குப் பிறகு அந்த மூன்று வரிசையை அவர் காத்த காத்தலை நான் என் அடுப்படியிலிருந்து பார்த்தேன். வலை போட்டு மூடினார். மைனா விரட்டத் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு நின்றார். மழையும் வந்தது. நனைந்த குலைகளில் அழுகல் விழ, நகம் வெட்டுகிற சின்னக் கத்தரியால் அழுகின பழத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முதுகு வலிக்கிற மனிதர். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எதற்கென்று அப்போது தெரியவில்லை.

மாகா வருவதற்கு முந்தின நாள் ஊரில் வீடு வீடாகப் போய், மறுபடி வெட்டுக்கு வரச் சொன்னார். அதாவது வெட்டு அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது என்பது போல வர வேண்டும். எனக்கு நடிக்கத் தெரியாது அண்ணே, ரொட்டி சுடத்தான் தெரியும் என்றேன். ஆனாலும் போனேன். கேலாவும் டிராக்டரோடு வந்தான்.

மாகா வந்தாள். இளைத்திருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அண்ணன் அவளுக்குப் புதுக் கத்தரியும் புதுக் கையுறையும் எடுத்து வைத்திருந்தார். அவளும் வாங்கிக்கொண்டு வெட்ட ஆரம்பித்தாள். நாங்கள் பாடினோம், கேலா அசட்டுத்தனமாக ஜோக் அடித்தான். அவள் சிரித்தாள். ஆனால் நான் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வரிசையில் குலை வெட்டின காம்புகள் காய்ந்து கறுத்திருந்ததை அவள் பார்த்தாள். எங்கள் எல்லோர் விரலிலும் பழைய கறை ஏறியிருந்ததைப் பார்த்தாள். டிராக்டர் பெட்டியில் அடிப்பலகைகூட மறையாததையும் பார்த்தாள். இந்தத் தோட்டத்திலேயே வளர்ந்தவளுக்கு யார் சொல்ல வேண்டும்? ஆனாலும் வெட்டிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் பந்தி. திராட்சைக் குச்சி நெருப்பில் கறி சுட்டார்கள். வழக்கம் போல அண்ணன்தான் கோப்பை உயர்த்தி வாழ்த்துச் சொல்கிறவர். கடவுளுக்கு, நாட்டுக்கு, செத்துப் போனவர்களுக்கு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அடுத்து எது வரும் என்று எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பந்தியில் வருஷக்கணக்காக அந்த இடத்தில் அதுதான் வரும். வாய்க்கு அது பழகிவிட்டது. "அடுத்தது, எங்கேயோ தூரத்துலேர்ந்து நம்ம வீட்டைத் தேடி வந்திருக்கற விருந்தாளிக்கு" என்றார், மகளைப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக.

யாரும் கோப்பையைத் தூக்கவில்லை. சொன்ன பிறகுதான் அண்ணனுக்கே உறைத்தது. உயர்த்திய கை உயர்த்தியபடியே நின்றது.

மாகா தன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"போலந்துக்காரங்களுக்குக் காட்டற வெட்டை எனக்கும் காட்டிட்டீங்களேப்பா."

"நீ வர்ற அன்னிக்கு வெறுந்தோட்டமா இருக்கக் கூடாதுன்னுதாம்மா."

"வெறுந்தோட்டமா இருந்தா என்ன? நம்ம தோட்டந்தானே?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். எழுந்து உள்ளே போய்விட்டாள். சியாலா பின்னாலேயே போனாள். கேலா தட்டைப் பார்த்துக்கொண்டு மென்றதையே மென்றுகொண்டிருந்தான். எனக்கு அண்ணன் மேல் வந்த ஆத்திரம் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

மிச்ச நாளெல்லாம் மரியாதையாகக் கழிந்தது. அதுதான் கொடுமை. சாடிகளில் பொங்கி மேலே வரும் தோலைக் கட்டையால் அமுக்கிவிடுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. அவள் கட்டையைத் தொட்டால் அண்ணன் ஓடி வந்து வாங்கிக்கொண்டார், உடம்பு அலுத்துப் போகும் என்று. பாத்திரம் கழுவப் போனால் சியாலா விடவில்லை. அலவெர்திக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டினார்கள், சின்ன வயதில் அவள் வருஷா வருஷம் போன இடத்தை. கிளம்புகிற அன்றைக்குக் காரில் பெட்டியை ஏற்றிவிட்டு, அண்ணன் என்ன பேசுவதென்று தெரியாமல், மே மாதம் புது ஒயின் திருவிழா, அப்போது வந்தால் வெயிலும் இருக்காது என்றார். கையிலிருந்த ரொட்டியை அவர் தலையில் எறியலாம் போல இருந்தது எனக்கு. இத்தாலிக்காரர்களுக்கு என்ன பதில் சொல்லப் போகிறாள் என்று அவளும் சொல்லவில்லை, கேட்கிற தைரியம் எங்களில் யாருக்கும் வரவில்லை.

அந்த வருஷம் நவம்பரில் சாடி திறந்தபோது ஒயின் அருமையாக இருந்தது. அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எப்போது வரலாம் என்று கேட்டு யாராவது போன் செய்தால், உங்களுக்கு எப்போது முடியுமோ அப்போது வாருங்கள் என்று வைத்துவிடுவார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதெல்லாம் போயிற்று.

பிப்ரவரி மாதம் எங்கள் ஊரில் பார்க்க எதுவும் இருக்காது. மூடுபனி, முழங்கால் வரை சேறு, இலையில்லாத கொடி. திருவிழா கிடையாது, விருந்தாளி கிடையாது. கொடிகளில் வேண்டாத கிளைகளை நறுக்கிக் கவாத்து செய்கிற வேலை மட்டும் இருக்கும். அப்படி ஒரு நாள், பக்கத்து டவுன் தெலாவியிலிருந்து வரும் பேருந்து நின்றது. இரண்டு பெரிய பெட்டிகளோடு மாகா இறங்கினாள். ரொட்டி அடுப்பிலிருந்து நான்தான் முதலில் பார்த்தேன். ஓடிப் போய்க் கட்டிக்கொண்டேன்.

"என்னடி, ஒண்ணுமே இல்லாத மாசத்துல வந்து நிக்கிறே?"

"அதனாலதான் அத்தை வந்தேன்" என்றாள். பெட்டிகளை என் வாசலிலேயே போட்டுவிட்டுத் தோட்டத்துக்குள் நடந்தாள். நானும் கை மாவைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கொடி வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் அவளைப் பார்த்ததும் கையைச் சட்டையில் துடைத்தார். பிறகு, குளிர்கிறதே, பூட்ஸ் எல்லாம் சேறாகிவிடுமே, உள்ளே போம்மா, அடுப்பு மூட்டச் சொல்கிறேன் என்று பழையபடி ஆரம்பித்தார். அவள் காதில் வாங்கவில்லை. கம்பியில் மாட்டியிருந்த இன்னொரு கத்தரியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கொடியில் வேலையைத் தொடங்கினாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு கொடி, இரண்டு கொடி. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. மூன்றாவது கொடியில் அவள், இந்த வருஷம் காய்க்க வேண்டிய நல்ல கிளையை அடியோடு நறுக்கிக் கீழே போட்டாள்.

"கண்ணை எங்கடி வெச்சிருக்கே? காய்க்கற கிளையை வெட்டிட்டு காஞ்சதை விட்டு வெச்சிருக்கே! இதுகூட மறந்து போச்சா?"

தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கத்தல். கத்திவிட்டு அப்படியே விக்கித்துப் போய் நின்றார். விருந்தாளி யாரையும் அவர் வாழ்நாளில் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை.

மாகா நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த கொடியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"இதுல எதை விடணும்னு சரியா சொல்லுங்கப்பா. இனிமே வருஷா வருஷம் நான்தானே வெட்டணும்."

அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவள் பக்கத்தில் வந்து நின்று, முன்னைவிடச் சத்தமாகத் திட்ட ஆரம்பித்தார்.