வெண்டை விதைப் பாக்கெட்டின் பின்பக்கம்

பொய்யை அறவே பொறுக்காத ஒருவர், தாம் எழுதிய ஒரே பொய்யை என்ன செய்வார்? விதைக் கம்பெனியில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவரின் வாழ்க்கை இந்தக் கேள்வியில் வந்து நின்றது.

விதைப் பாக்கெட்டின் பின்பக்கத்துக்கு நான்கு வரி எழுதுவதுதான் அவர் வேலை. கேரட் ஒரு காலத்தில் ஊதா நிறத்தில் இருந்தது. தக்காளியை விஷம் என்று பயந்து வெறும் அழகுக்காக வளர்த்தவர்கள் உண்டு. அவரையைத் தொடக்கூடாது என்று ஒரு பழைய தத்துவ ஆசிரியர் சீடர்களுக்குத் தடை போட்டார் என்பார்கள். எதை எழுதினாலும் இரண்டு புத்தகமாவது சாட்சி சொல்ல வேண்டும். அதனால் கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயர் தராசு.

வெண்டைக்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. அச்சகத்து ஆள் வாசலில் வந்து நின்றாயிற்று. பக்கத்து அறையில் முதலாளி போனில் யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். அந்த எரிச்சலில் தராசு எழுதிக் கொடுத்துவிட்டார்: "வெண்டை ஊன்றிய வீட்டில் ஏழு நாள் யாரும் குரலை உயர்த்தக் கூடாது. உயர்த்தினால் காய் நாராகிப் போகும் என்பது பழைய நம்பிக்கை."

அது பொய் என்பது அன்றே அவரை உறுத்தியது. அடுத்த அச்சில் எடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டார்.

அதற்குள் ஒரு கடிதம் வந்தது. பேக்கிங் பிரிவு அக்காதான் பிரித்துப் படித்தாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு வெண்டைக்காய்னா உயிரு. விதை போட்டு ஏழு நாளும் அவர் கத்தவே இல்ல. பசங்க பயமில்லாம சாப்பிட்டாங்க. எட்டாம் நாள் பழையபடி ஆரம்பிச்சுட்டார். ஏழு நாள் போதும்னு நிச்சயமா தெரியுமா? அடுத்த பாக்கெட் வாங்கப்போறேன்."

படித்து முடித்து நிமிர்ந்தாள். "எந்தப் புத்தகத்துல சார் இருக்கு இது?"

"எதுலயும் இல்லம்மா. நான் விட்ட கதை."

"தராசே சாஞ்சிடுச்சா? நாங்க பாக்கெட்ட ஒட்டுறோம், நீங்க காதுல பூ சுத்துறீங்க."

"எடுத்துடப் போறேன்."

"எடுங்க. மனசு லேசாகும். உங்களுக்கு."

அச்சுக்குப் போகவேண்டிய தாள் மேசைமேல் இருந்தது. சிவப்புப் பேனாவைத் திறந்து, வெண்டை வரிகளின் தொடக்கத்தில் முனையை வைத்தார். பிறகு 'ஏழு நாள்' என்பதை மட்டும் அடித்தார். மேலே 'கடைசிக் காய் பறிக்கும் வரை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

அக்கா இரண்டு தடவை காரணம் கேட்டுப் பார்த்தாள். அவர் முள்ளங்கியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார்.