ஸ்டெல்லா வீட்டுப் புகை

கண்டி சுப்பர் மார்க்கெட்டில் ஒரு பெண் ஜெர்மன் சொசேஜைப் பொரித்து ருசி பார்க்கக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் புகை வாசனை பட்டதும், சிறுவயதில் புசல்லாவைத் தோட்டத்தில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா மேல் எனக்கிருந்த பொறாமை அப்படியே திரும்பியது.

அவள் அப்பாவும் என் அப்பாவும் ஒன்றாகத்தான் ஜெர்மனிக்குப் போனார்கள். அவள் அப்பா மட்டும் திரும்பினார். அங்கே இறைச்சிக் கடையில் வேலை பார்த்தவர். நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, பன்றி இறைச்சியை அரைத்து, பூண்டும் மிளகும் சேர்த்து, கழுவிய குடலில் சொசேஜாக அடைத்து, தகரப் பீப்பாயில் தொங்கவிட்டு, தேயிலை மிலாறுக் குச்சிகளை எரித்துப் புகை போடுவார்.

"பனிக்காலம் முழுக்க வச்சுச் சாப்பிடத்தான் அந்தக் காலத்துல அங்க இப்படிச் செஞ்சாங்க" என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிக்கொண்டே, முதல் துண்டை ஊதி ஆற்றி அவள் வாயில் வைப்பார்.

ஒரு நத்தாரில் எனக்கும் நீட்டினார்.

"வேணாம் மாமா. எங்கப்பா வந்து செஞ்சு தருவாரு."

வீட்டுக்கு ஓடி அம்மாவிடமும் அதையே சொன்னேன்.

"அவரு அங்கயே வேற கல்யாணம் கட்டிக்கிட்டாரு மகள். இனி வரமாட்டாரு" என்றாள் அம்மா.

"எடுங்க மிஸ்" என்றாள் கடைப் பெண். ஐம்பது வயதில் முதல்முறையாகச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.