இத்தா வீட்டு மூட்டைப்பூச்சி

1. போன் எடுத்தவள் மெஷின் எடுத்தது

மூட்டைப்பூச்சி வேலைக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. பூச்சி மருந்து அடிக்கும் தொழில் என் கணவர் மஹ்ரூபுடையது. நான் புத்தளத்தில் வீட்டிலிருந்தபடி போன் எடுப்பேன், எந்த நாள் எந்த வீடு என்று கலண்டரில் எழுதுவேன், ஸ்ப்ரே கான்களைக் கழுவி வைப்பேன். இப்போது வேலை பழக வரும் பெண்பிள்ளைகள், "நீங்க எப்பிடித் தொடங்கின?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெருமையடித்துக்கொள்ளும் கதை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் கற்பிட்டியிலிருந்து நிஸ்தார் என்ற ஒருவர் எங்களுக்குப் போன் எடுத்தார். "எங்கட மாமிட அறையில மூட்டைப்பூச்சி. மாமி இத்தா இருக்கிறா. ஆம்பிள ஆக்கள் அறைக்குள்ள போக ஏலாது. மாமி ஊட்ட உட்டு எழும்பவும் மாட்டா. என்ன செய்ற?"

கணவர் மவுத்தானால், அதாவது இறந்துபோனால், மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், வெளி ஆண்களின் முன்னால் வரக் கூடாது. அதுதான் இத்தா. எங்கள் ஸ்ப்ரே ட்ரீட்மென்டுக்கோ வீட்டில் இருக்கும் எல்லாரும் குறைந்தது நான்கு மணித்தியாலம் வெளியே நிற்க வேண்டும். அவசரமென்றால் வேறு வீட்டுக்கு மாறலாம் என்று மௌலவி சொல்லியும், "இவர் போன ஊட்டுல இருந்து நான் எழும்ப மாட்டன்" என்று அந்த மாமி ஒரே பிடியாக நின்றாராம்.

"இத்தா முடியட்டும், பிறகு பார்ப்பம்" என்றார் என் கணவர்.

"இன்னும் எவ்வளவு நாள்?" என்றேன்.

"ரெண்டரை மாசம் சொச்சம்."

"ரெண்டரை மாசத்துக்குக் கடி வாங்கச் சொல்றீங்களா? நீங்க ஒரு நாளைக்கு அங்க படுத்துப் பாருங்க."

அவரிடம் ஒரு ஸ்டீமர் இருந்தது. மருந்தே இல்லாமல் கொதி ஆவியால் பூச்சியையும் முட்டையையும் கொல்லும் மெஷின். ஆள் வீட்டில் இருக்கும்போதே பாவிக்கலாம். அதை அவர் அதிகம் எடுப்பதில்லை, வேலை ஆமை வேகம், பொறுமை வேண்டும் என்பார். அன்று பின்னேரம் எங்கள் சோபா செட்டியில் வைத்து எனக்கு அதைப் பழக்கினார். என்னிடம் பொறுமை இருக்கிறது என்று அவர் அதுவரை ஒரு நாளும் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை.

2. என் வாய்

மறுநாள் காலையில் போனோம். கற்பிட்டியில் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. கஷ்டம், அந்த வீட்டின் அமைதிதான். இத்தா வீடு என்றால் பெண்கள் வந்து போய்க்கொண்டு இருப்பார்கள், யாசீன் ஓதுவார்கள், ஆறுதல் சொல்லுவார்கள், ஊர்க்கதை கதைப்பார்கள். இங்கே பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் வைத்திருந்தார்கள்.

மகள் ஃபர்ஹானா ஏழு மாதக் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். நிஸ்தாரின் மனைவி அவள். "முதல்ல எல்லாரும் வந்தாங்க. பூச்சி இருக்கெண்டு கதை பரவினதும் ஒருத்தரும் வாறாங்க இல்ல. உம்மா தனிய சுவரப் பார்த்துக்கொண்டு இருக்கிறா" என்றாள்.

கணவரை வேலிக்கு வெளியே, மெஷின் ஏற்றி வந்த வானில் விட்டுவிட்டு நான் மட்டும் அறைக்குள் போனேன்.

அந்த மாமியின் பெயர் ஜெஸீமா, அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்டேன். ராத்தா வெள்ளைச் சேலையில் கட்டில் ஓரமாக இருந்தார். அவருடைய கணவர் போட் எஞ்சின் திருத்தும் வேலை செய்தவர். பாரிசவாதம் வந்து, கை கால் அசையாமல், வாய் பேசாமல், ஐந்து மாதம் அதே கட்டிலில் கிடந்து மவுத்தானவர். அந்த ஐந்து மாதமும் ராத்தா கீழே பாயில்தான் படுத்திருக்கிறார். கணவர் போன பிறகு அந்தக் கட்டிலில் படுக்கத் தொடங்கியிருக்கிறார், கடியும் அப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஆகவே மையத்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்த கூட்டத்தில்தான் பூச்சி வந்தது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த, சின்னம்மா முறையான ஒரு சாச்சியின் பேக்கில் பழி விழுந்திருந்தது.

நான் மெத்தையைப் புரட்டி டோர்ச் அடித்தேன். இடம்பெயர்ந்து வந்து முகாமில் கிடுகுக் கொட்டிலுக்குள் வளர்ந்த எனக்கு மூட்டைப்பூச்சி புதிதில்லை. மெத்தையின் தையல் சீம் முழுக்கக் கறுப்புப் புள்ளி, பூச்சியின் எச்சம், ஒன்றின் மேல் ஒன்றாக. கட்டில் சட்டத்தின் ஆணி ஓட்டைகளில் உரித்த தோல்கள், பெரியது, நடுத்தரம், பொடி என்று எல்லா அளவிலும். முதல் நாளே இவ்வளவையும் சரியாகப் படிக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை.

"இது எப்ப வந்திருக்கும் பிள்ள?" என்று ராத்தா கேட்டார்.

"இதென்ன முந்தாநாள் வந்ததா ராத்தா? ஆறு மாசத்துக்குக் கிட்ட இருக்கும். பேரப்பிள்ளைகளையும் கண்டுட்டுதுகள்" என்றேன். சிரிக்க வைக்கலாம் என்று நினைத்துச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "அவர் மவுத்தாகி ஏழு கிழமைதான்" என்றார்.

அவர் அசையாமல் கிடந்த காலத்திலேயே பூச்சி இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ராத்தா என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனார். கணவருடைய முதுகில் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்ததாம். படுத்தே கிடப்பதால் வந்த சூடு என்று நினைத்துப் பவுடர் போட்டாராம், தேங்காயெண்ணெய் தடவினாராம். ராவில் அவர் அனத்துவாராம், கண்ணை இவர் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம். "நோவெண்டு நினைச்சு குளிசை குடுத்தன். ஓதி ஊதினன். திரும்பவும் அதே மெத்தையில நிமித்திக் கிடத்தினன், பிள்ள."

பிறகு புரட்டிய மெத்தையைத் தானே இழுத்துப் பழையபடி போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். "மெஷின எடுத்துக்கொண்டு போங்க. அவர் அஞ்சு மாசம் வாங்கின கடிய நான் இத்தா முடியுமட்டும் வாங்கிறன்."

3. ஏணை

வானுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். "வாய வெச்சுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு?" என்றார் என் கணவர். வேறு நாளென்றால் நான் ஒன்றுக்கு நாலு திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்று அழுகைதான் வந்தது. ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலை செய்ய முடியாது, வா போவோம் என்றார்.

சொல்லிக்கொண்டு போகலாம் என்று ஃபர்ஹானாவின் அறைக்குப் போனேன். அது ராத்தாவின் அறைக்கு அடுத்த சுவர். சேலையில் கட்டிய ஏணையில் குழந்தை சிணுங்கிக்கொண்டு கிடந்தது. அதன் தொடையில் மூன்று தடிப்பு, ஒரே கோட்டில்.

"நுளம்பு" என்றாள் ஃபர்ஹானா.

நுளம்பு கோடு போட்டுக் கடிப்பதில்லை. குழந்தையைத் தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டு ஏணைச் சேலையின் முடிச்சை அவிழ்த்தேன். மடிப்புக்குள் ஒரு மூட்டைப்பூச்சிக் குஞ்சு இருந்தது. குரக்கன் மணி அளவு, இரத்தம் குடித்துச் சிவந்து போய்.

அந்தச் சேலையையும் தூக்கிக்கொண்டு ராத்தாவின் அறைக்குத் திரும்பினேன். எனக்குக் கோபம் வந்திருந்தது. அவரில் பாதி, என்னில் பாதி.

"ராத்தா, இத்தா இருக்கிறது நீங்க. உங்கட பேத்தி இல்ல. இதப் பாருங்க. அவளுக்கும் வாய் பேசத் தெரியாது."

அவர் சேலையை வாங்கிப் பார்த்தார். பிறகு வாய்விட்டு அழுதார். ஃபர்ஹானா ஓடி வந்து வாசலில் நின்றாள். வாப்பா மவுத்தான நாளிலும் உம்மா இப்படி அழவில்லை என்று அவள் எனக்குப் பிறகு சொன்னாள்.

அழுது முடிந்ததும் ராத்தா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெத்தையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். "தூக்குங்க" என்றார்.

பத்து மணிக்குத் தொடங்கிப் பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை வேலை செய்தோம். ஸ்டீமர் வேலையில் வேகம் காட்டக் கூடாது. ஒரு சாண் சீமுக்கு அரை நிமிஷமாவது வேண்டும். ஓடினால் மேலே இருப்பது சாகும், உள்ளே இருக்கும் முட்டை பிழைக்கும். ஆவியைப் பீய்ச்சி அடித்தாலும் பிழை, பூச்சி காற்றில் அடிபட்டு அடுத்த மூலைக்குப் போகும். நான் அவசரப்பட்டபோதெல்லாம் ராத்தா என் முழங்கையைப் பிடித்து, "மெல்ல பிள்ள, மெல்ல" என்றார். டோர்ச் பிடித்தது அவர்தான். தலைமாட்டுச் சட்டத்தின் ஆணி ஓட்டைக்குள் இருந்த பெரிய கூட்டத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தான். துணிமணி எல்லாவற்றையும் ஃபர்ஹானா கொதிநீரில் போட்டாள். ஏணையும் அந்த அறையும் கடைசியாக முடிந்தன. மெத்தையை எறியச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸிப் வைத்த கவருக்குள் போட்டு மூடினேன்.

4. செகண்ட் விசிட்

இரண்டு கிழமை கழித்துப் போனேன். தப்பிய முட்டை பொரித்திருக்கும், அதனால் செகண்ட் விசிட் கட்டாயம். அலுமாரிக்குப் பின்னால் இரண்டு குஞ்சு மட்டும் அகப்பட்டன. கூடத்தில் கதிரைகளை எடுத்துப் போட்டு அயல் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

வேலை முடிந்ததும் ராத்தா கதவைச் சாத்தினார்.

"அவருக்குக் கடிக்கிறது வெளங்கியிருக்குமா பிள்ள?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். இல்லை என்று சொல்லிவிடு, யாருக்கு என்ன நட்டம் என்று என் கணவர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். வாய் வரைக்கும் அது வந்தது.

"கடிக்கிற நேரம் நோகாது ராத்தா. விறைக்க வெச்சுத்தான் கடிக்கும். சொறி பிறகுதான் எடுக்கும். சிலருக்கு அதுவும் இல்ல. அவருக்கு வெளங்கிச்சா இல்லையாண்டு எனக்குத் தெரியாது."

அவர் தலையாட்டினார். "எல்லாரும் இல்ல இல்லண்டு சொல்றாங்க. அவங்க ஒருத்தரும் அந்தக் கட்டிலப் பார்க்கல்ல." பிறகு, "எனக்கு ஒண்டு செய்ங்க. இனிப் போற ஊடுகள்ள படுக்கையில ஆள் கிடந்தா, அவங்கட முதுகப் பாருங்க. ஊட்டாக்களுக்கும் பார்க்கச் சொல்லிக் குடுங்க" என்றார்.

நானும் சொல்லிக்கொண்டு வருகிறேன். மூட்டைப்பூச்சி என்றாலே அழுக்கு வீடு என்று நினைக்கிறார்கள். நான் பார்த்ததில் சுத்தமான வீடுதான் அதிகம். பேக்கில் வரும், ஆஸ்பத்திரிப் பயணத்தில் வரும், அடுத்தவர் கொடுத்த மெத்தையில் வரும். வெட்கப்பட்டு ஒளிக்கும் வீட்டில்தான் அது வளர்கிறது.

போன வருஷம் சிலாபம் பக்கம் ஒரு கத்தோலிக்க வீட்டுக்குப் போனோம். கூப்பிட்டது கறையானுக்கு. உள் அறையில் ஒரு பெரியவர் கிடந்தார், இவருக்கும் பாரிசவாதம், பேச்சில்லை. அவருடைய முதுகைப் பார்க்கலாமா என்று மனைவியிடம் கேட்டேன். அந்த அம்மாவுக்குப் பொல்லாத கோபம். "நான் அவரைத் துடைச்சுச் சுத்தமாத்தான் வச்சிருக்கிறன். பூச்சிக்காரிக்கு அவற்ற முதுகில என்ன வேலை?" என்றார். நான் நகரவில்லை. பேச்சு வாங்கிப் பழகிய ஆள் நான். கடைசியில் அந்த அம்மாவே கணவருடைய சட்டையைத் தூக்கிப் பார்த்தார். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரைக்கும் கோடு கோடாகத் தடிப்பு. மெத்தையைப் புரட்டிக் காட்டினேன். அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மகன்மார் அப்போதே அப்பாவைத் தூக்கி, உடம்பைக் கழுவித் துடைத்து, வேறு அறையில் புதுப் பாய் விரித்துக் கிடத்தினார்கள்.

திரும்பி வரும் வழியில் ஜெஸீமா ராத்தாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"பிள்ள, இண்டைக்கு ராவைக்கு அவர் நித்திரை கொள்வாரா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது.

"ஓம் ராத்தா, கொள்வார்."