கச்சான் நேர்த்தி

“சட்னிக்கு என்ன அரைக்கிறனீங்கள், அண்ணை?” என்று ஜெனிற்றா கேட்பாள். விடை வரும். கேள்வி முடிந்துவிட்டதென்று கடைக்காரர் தோளைத் தளர்த்தும் வரை பொறுத்திருப்பாள். பிறகு, போகிற போக்கில் நினைவு வந்தவள் போல, “கச்சான் இண்டைக்கு முடிஞ்சுதோ?” என்பாள். தேங்காயும் மிளகாயும் தவிர வேறெதுவும் போடுவதில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவர், “சீச்சீ, நேத்துத்தானே அஞ்சு கிலோ எடுத்தனான்” என்பார். ஜெனிற்றா நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடுவாள். வடமராட்சியிலும் வலிகாமத்திலுமாகப் பதினேழு சாப்பாட்டுக் கடைகளுக்குள் அவள் இப்படி நுழைந்து வெளியே வந்திருக்கிறாள். ஒன்றிலும் சாப்பிட்டதில்லை.

இந்த வித்தை தொழிலில் கற்றது. நெல்லியடியில் ஒரு கண்ணாடிக் கடையில் அவள் பார்வை சோதிப்பவள். அரை இருட்டு அறையில், வந்தவரின் மூக்கில் பாரமான சட்டமொன்றை ஏற்றி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, “முதலாவது தெளிவோ, இரண்டாவது தெளிவோ?” என்று நாள் முழுவதும் கேட்கிறாள். பதினொரு வருடத்தில் அவள் கண்டுகொண்டது இது: பலர் சுவரிலுள்ள எழுத்தைப் பார்த்து விடை சொல்வதில்லை, கேட்பவரின் மனம் கோணாதபடி சொல்கிறார்கள். அதனால் அதே வில்லையைக் கழற்றி, துடைத்து, புதியது போல மறுபடி செருகிக் கேட்பாள். “ஓமோம், இதுதான் முந்தினதை விட நல்லாயிருக்கு” என்பவர்களை அவள் கோபிப்பதில்லை. மூன்றாந்தரமும் கேட்பாள்.

அவளுடைய மகன் ஜஸ்ரினுக்கு எட்டு வயது. யாழ்ப்பாணம் கச்சான் என்று சொல்லும் நிலக்கடலை அவனுக்கு ஒவ்வாது. ஒவ்வாது என்பது மென்மையான சொல். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கடையில், தோசை வருமுன்பே சட்னியில் விரலைத் தொட்டு நக்கினான். பத்து நிமிடத்தில் உதடு தடித்தது. குரல் கரகரத்தது. பிறகு குரலே வரவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் அவனுக்கு மூச்சு சீராகிய பிறகு, அந்தக் கடைக்காரர் தொலைபேசியில் சொன்னார்: “தடிப்பாய் வரட்டும் எண்டு கொஞ்சம்தான் தங்கச்சி அரைச்சுப் போட்டது.” மேசையில் இருக்கும்போதே அவள் அவரிடம் கேட்டிருந்தாள். ஒன்றுமில்லை என்றுதான் அவர் சொல்லியிருந்தார். ‘கொஞ்சம்’ என்ற சொல்லை அதன் பிறகு அவர்கள் வீட்டில் எவரும் சாப்பாட்டோடு சேர்த்துச் சொல்வதில்லை.

அவளுடைய கைப்பையில் தடித்த மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று இருக்கும். அதற்குள் கண்ணாடி இல்லை. கனடாவிலுள்ள தங்கை அனுப்பிய ஊசிப் பேனை ஒன்று துணி சுற்றிப் படுத்திருக்கும். பிள்ளைக்கு மூச்சு அடைத்தால் தொடையில் குத்துவதற்கு. வெளியூர்ப் பயணமென்றால் கணவன் அருட்செல்வன் மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்தினாலும் அதன் முகம் அருகிலுள்ள மருத்துவமனைப் பக்கம் திரும்பியிருக்கும். அவன் அதிகம் கதைப்பவனல்ல. தன் அச்சத்தை அவன் இப்படித் திருப்பி நிறுத்துகிறான்.

கலியாண வீடு, கோயில் அறுவடைத் திருநாள், பாடசாலைச் சுற்றுலா, எங்கும் ஜஸ்ரினுக்கு மூடிபோட்ட பெட்டியில் வீட்டுச் சாப்பாடு. பிள்ளை முறையிடுவதில்லை. ஆனால் விசாரிப்பான். கடைத் தோசையைப் பற்றி வகுப்பிலுள்ள முப்பத்திரண்டு பேரிடமும் வாக்குமூலம் எடுத்திருந்தான். சாப்பாட்டுக் கோப்பையை விட நீளமாமே? சுருட்டித்தான் கொண்டு வருவார்களாமே? உடைத்தால் சத்தம் கேட்குமாமே? ஒன்பதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டுமென்று கேட்டபோது, சைக்கிளையும் விட்டான், பந்தையும் விட்டான். “கடையிலை இருந்து ஒரு தோசை,” என்றான். “பெட்டியிலை வேண்டாம். கதிரையிலை இருந்து.”

ஜெனிற்றாவுக்கு எரிச்சல் தந்தது மறுப்பு அல்ல, ஆறுதல். ஒவ்வாமை என்று சொன்னால் அதைச் சொறியென்று விளங்கிக்கொண்டு, “எனக்கும் கத்தரிக்காய் கிரந்திதான், பிள்ளை. கொஞ்சம் கடிக்கும், பிறகு போயிடும்” என்பார்கள். நெல்லியடிச் சந்திக்குக் கிட்ட, கல்லாவிலும் தோசைக் கல்லடியிலும் தானே நிற்கும் பஞ்சலிங்கம் என்பவரின் சின்னச் சைவக் கடைக்கு ஒருநாள் கொப்பியும் பேனையுமாகப் போனாள். கேள்வி தொடங்கியதுமே அவர் தலையில் துணித் தொப்பியைக் கவிழ்த்தார், வடைத் தட்டுக்கு மூடி தேடினார், கைகழுவும் இடத்தில் புதுச் சவர்க்காரம் வைத்தார். இரண்டு கேள்விக்கும் ஒரே விடை: “கச்சானோ? எங்கடை கடைக்குள்ளை அந்தச் சாமானே இல்லை.” சோதனையில் தேறிய முதல் ஆள் அவர்தான். ஆனால் விடை சொல்லும்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தது கொப்பியை. ஜெனிற்றா அவருடைய பெயரையும் வெட்டிவிட்டாள்.

கண்ணாடிச் சட்டங்கள் விற்கும் சிவகௌரி, தொண்டைமானாற்றுக்காரி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைக் கேட்டுச் சிரித்தாள்.

“அலேர்ஜி எண்டு சொன்னால் ஆர் கேக்கப்போகினம்? நேர்த்தி எண்டு சொல்லும். பிள்ளை சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைச்சுக் கச்சானை விட்டிட்டான் எண்டு சொல்லிப் பாரும்.”

சிவகௌரியின் தாய் ஒரு நேர்த்திக்காக மாம்பழத்தை விட்டவர். பதினொரு வருடம். எந்தப் பந்தியிலும் மாங்காய்ச் சம்பல் எடுத்த கரண்டிகூட அவருடைய இலைப் பக்கம் வந்ததில்லையாம்.

“மாங்காய் பட்டால் அம்மாவுக்கு என்ன செய்யும்?” என்று ஜெனிற்றா கேட்டாள்.

“ஒண்டும் செய்யாது.”

ஜெனிற்றா சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டாள். எதுவும் நடக்காத ஒருவருக்காக ஊரே கரண்டி மாற்றுகிறது. மூச்சு நின்றுவிடக்கூடிய பிள்ளைக்குக் ‘கொஞ்சம்தானே’ என்கிறது. இதில் எங்கோ ஒரு நியாயம் இருக்க வேண்டும் என்று அன்று பின்னேரம் முழுவதும் தேடினாள். அகப்படவில்லை. ஆனாலும் சம்மதிக்கவில்லை. அவளுடைய தகப்பன் மெதடிஸ்த ஆலயத்தில் இருபது வருடம் ஓய்வுநாள் பாடசாலை நடத்தியவர். “பொய்யும் சொல்லி, அதுக்கை உங்கடை சாமியையும் இழுக்கிறதோ?” என்று சிவகௌரியிடம் சொன்னாள். “எங்கடை சாமி ஒண்டும் சொல்லமாட்டார். அவர் உம்மை மாதிரிக் கொப்பி வைச்சிருக்கிறேல்லை,” என்றாள் சிவகௌரி.

மூன்று கிழமை தாக்குப்பிடித்தாள். பிறந்தநாளுக்கு நான்கு நாள் இருக்க, கொப்பியைக் கண்ணாடிக் கடையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு பஞ்சலிங்கத்தின் முன் போய் நின்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் மூச்சுவிடாமல் ஒப்புவித்தாள்: தனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, மகனுக்குச் சந்நிதியில் நேர்த்தி, கச்சான் வாயில் படக்கூடாது, கரண்டியிலும் படக்கூடாது.

பஞ்சலிங்கத்தின் முகம் மாறியது. அடுப்பைக் குறைத்துவிட்டு வெளியே வந்தார்.

“சந்நிதியானுக்கோ? அப்ப சட்னி வேண்டாம், பிள்ளை. அதுக்குக் கச்சான் அரைச்சுத்தான் போடுறனாங்கள். பொடியிலையும் இருக்கு. பொடித் தோசை சுட்ட கல்லிலைதான் மற்றதும் சுடுறது, அதுவும் சரிவராது. வடை பொரிக்கிற எண்ணெயிலைதான் கச்சானும் பொரிக்கிறது. மிக்சர் போத்தல் இந்தா, இதிலை நிக்குது…” விரல் மடித்து எண்ணிக்கொண்டே போனவர் சட்டென்று நிமிர்ந்தார். “நீங்கள் போன மாசமும் வந்தனீங்களெல்லோ? உந்தக் கொப்பியோடை? நான் கடையைச் சோதிக்க வாற பி.எச்.ஐ. கந்தோர் ஆள் எண்டெல்லோ நினைச்சனான்.”

அதே வாய். அதே கடை. ஜெனிற்றாவுக்கு அவரை அறையவும் வேண்டியிருந்தது, கையைப் பிடித்துக் கும்பிடவும் வேண்டியிருந்தது. பதினேழு கடைகளில் உண்மையைச் சொல்லி ஒரு வரி உண்மை வாங்க முடியாதவளுக்கு, ஒரு பொய்க்கு ஐந்து உண்மை கிடைத்திருந்தது. சனிக்கிழமை காலை ஆறரைக்கு வரும்படி பஞ்சலிங்கம் சொன்னார். முதல் நாள் மாலையே கல்லைக் கழுவி வைப்பார். அன்றைக்கு முதல் தோசை பிள்ளைக்குத்தான். சட்னியை அதன் பிறகுதான் அரைப்பார். அவளாகக் கேட்டிருந்தால் இவ்வளவு கேட்டிருக்கமாட்டாள். கண்ணாடிக் கடைக்குத் திரும்பும் வழியில் அவள் கிட்டத்தட்ட ஓடினாள்.

சனிக்கிழமை மூவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வல்லைவெளிக் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள். நடுவிலிருந்த ஜஸ்ரின் வழி முழுக்கப் பாடினான். ஜெனிற்றா நான்கு மணிக்கே எழும்பியவள். ஒரு தேநீர்கூட இறங்கவில்லை. கடை வாசலில் அருட்செல்வன் வண்டியை மந்திகை மருத்துவமனைப் பக்கம் திருப்பி, இறங்காமல் இருந்துகொண்டான்.

பஞ்சலிங்கம் முழுகி, நெற்றி நிறையத் திருநீறு பூசி நின்றார். கச்சான் தகரத்தை வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாராம். “வாங்கோ, நேர்த்திக்காரர்,” என்று ஜஸ்ரினைக் கல்லடிக்கு அழைத்தார். மாவு வட்டமாக விரிந்து, ஓரம் சிவந்து, கல்லை விட்டு எழும்பியது. ஜஸ்ரின் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கால்விரல் நுனியில் நின்று பார்த்தான். பஞ்சலிங்கம் அதைச் சுருட்டிக் கோப்பையில் வைத்தார். உண்மையில் கோப்பையை விட நீளம்.

“நேர்த்தி எண்டால் என்ன?” என்று ஜஸ்ரின் கேட்டான்.

ஜெனிற்றா அவனுக்கு எதையும் சொல்லி வைக்கவில்லை. பிள்ளையையும் பொய்க்குள் இழுக்க மனம் வராமல் விட்டிருந்தாள். பஞ்சலிங்கம் முந்திக்கொண்டார்.

“சாமிக்குச் சொல்லிப்போட்டு ஒரு சாமானைச் சாப்பிடாமல் விடுறது. நீர் கச்சானை விட்டனீரெல்லோ, தம்பி?”

ஜஸ்ரின் யோசித்தான். “நான் விடேல்லை. ஒருக்காத் திண்டனான். எனக்கு மூச்சு நிண்டிட்டுது. ஆசுப்பத்திரியிலை குழாய் வைச்சவை.” சொல்லிவிட்டுத் தோசைக்குக் கை நீட்டினான்.

பஞ்சலிங்கம் கோப்பையை மேலே தூக்கிவிட்டார்.

“மெய்யே, பிள்ளை?”

“ஓம், அண்ணை,” என்றாள் ஜெனிற்றா. “நேர்த்தி எண்டதுதான் பொய்.”

அவர் ஏசுவார் என்று நின்றாள். வெளியே போகச் சொன்னால் பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் அவளுக்கு யோசனை ஓடியது. பஞ்சலிங்கம் அவளைப் பார்க்கவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் கிடந்த எண்ணெய்த் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோசைக்கு முன் கல்லில் எண்ணெய் பூசும் துணி. நேற்றுப் பொடித் தோசைக்கும் அதுதான்.

“உந்தத் துணியை மாத்துவமோ எண்டு விடிய யோசிச்சனான்,” என்றார். “இவ்வளவும் செய்தாச்சு, உது பரவாயில்லை எண்டு விட்டிட்டன். சந்நிதியான் பொறுப்பான். மூச்சுப் பொறுக்குமே?”

துணி வாசலுக்கு வெளியே போய் விழுந்தது. தோசைக் கோப்பை சன்னலடியில் தள்ளி வைக்கப்பட்டது. அவர் வாளியோடு கல்லில் தண்ணீரை ஊற்ற, ஆவி கூரை மட்டும் எழும்பியது. தேங்காய்த் தும்பால் உரஞ்சினார், கழுவினார், காய விட்டார், மறுபடி கழுவினார். கையை முழங்கை வரை சவர்க்காரம் போட்டார். புது எண்ணெய்ப் போத்தலின் முத்திரையை உடைத்தார். வாழையிலையில் ஒரு துண்டு கிழித்து அதால் எண்ணெய் பூசினார். ஜெனிற்றா அகப்பையை நீட்டியபோது, “அதையும் கழுவித் தாங்கோ” என்று அவளையும் வேலைக்குப் பிடித்தார். இடையில் ஒருதரம் மட்டும் திரும்பினார். “கண்ணாடிக் கடையிலை வேலை எண்டு சொல்லுறீங்கள். என்னையெல்லோ குருடாக்கப் பாத்தீங்கள்.”

“நீங்கள் மட்டும்?” என்றாள் அவள். “கடைக்குள்ளை அந்தச் சாமானே இல்லை எண்டனீங்கள்.”

பஞ்சலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு மாவை ஊற்றினார்.

இரண்டாவது தோசை முதலாவதை விட நீளமாக வந்தது. ஜஸ்ரின் கதிரையில் ஏறி முழந்தாளிட்டு, சீனியைத் தூவி, இரண்டு கையாலும் பிடித்து உடைத்தான். சத்தம் கேட்டது. இன்னொருதரம் கேட்பதற்காக இன்னொரு துண்டு உடைத்தான். வாசலில் அருட்செல்வன் வண்டியிலிருந்து பாதி இறங்கி, ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்றான். ஜெனிற்றா சுவர் மணிக்கூட்டையும் பிள்ளையின் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பத்து நிமிடம் போனது. இருபது நிமிடம் போனது. உதட்டில் சீனி மட்டுந்தான் இருந்தது. குரல் எப்படியென்று பார்க்க ஏதாவது கதைக்கச் சொன்னாள். வகுப்பிலுள்ள முப்பத்திரண்டு பேருக்கும் திங்கட்கிழமை என்ன சொல்லப்போகிறான் என்பதை அவன் கடைக்கு வெளியிலும் கேட்கும்படி சொன்னான். சொல்லி முடித்து, இன்னொன்று தரலாமோ என்று பஞ்சலிங்கத்திடம் தானே கேட்டான்.

பஞ்சலிங்கம் மாவை அள்ளியபடி, நாடியால் சன்னலடியைக் காட்டினார். முதல் தோசை அங்கே ஆறி, மடங்கிப்போய்க் கிடந்தது.

“அப்ப உதை என்ன செய்யிறது, பிள்ளை?”

ஜெனிற்றா போய்க் கோப்பையைக் கையில் எடுத்தாள். உட்காரவில்லை. சீனியும் கேட்கவில்லை. நின்ற நிலையிலேயே பிய்த்து, ஒரு துண்டும் மிஞ்சாமல் தின்றாள்.