காலையில் மடங்காத விரல்கள்

மூன்று வருடங்களுக்கு முன், புனேயில் தாபோடியில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது. பக்கத்துப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர்.

காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. சப்பாத்தி மாவு பிசைய வராது, முதல் பீரியடில் சாக்பீஸ் கையில் நிற்காது. பத்து மணிக்கு மேல் தானாகவே சரியாகிவிடும். அதுதான் என் கிரகசாரம்! "அதென்ன, மாவு பிசையற நேரத்துக்கு மட்டும் வர்ற வலி?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குடும்ப டாக்டர் மாலையில்தான் உட்காருவார். நான் பள்ளி விட்டு வந்து குளித்து, வெந்நீரில் கையை ஊறவைத்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு போவேன். டாக்டரிடம் அழுது வடிந்துகொண்டா போவது? விரலை மடக்கச் சொல்வார், ஜோராக மடங்கும். எல்லாம் டென்ஷன்தான் என்று சிரித்துக்கொண்டே வலி மாத்திரை எழுதுவார். ஒரு வருடம் இதே கூத்து.

ஒருநாள் அங்கே காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த மராத்திக்கார அம்மாள் நான் விரல் முட்டிகளை நீவிக்கொண்டிருந்ததையே பார்த்தார். மார்க்கெட்டில் கீரை விற்பவராம். அவருடைய விரல்கள் ஒரு பக்கமாகக் கோணியிருந்தன. காலையில் விரல் மடங்க எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டார். அத்தனை படித்த டாக்டர் ஒரு தடவையாவது இதைக் கேட்டாரா? மூன்று மணி நேரம் என்றேன், வெந்நீரில் ஊறவைத்துவிட்டு வந்ததையும் சொன்னேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். நன்றாக இருக்கும் நேரத்தில் கையைக் கொண்டுவந்து காட்டினால் எவன் நம்புவான் என்று திட்டினார். வெந்நீர் படாத கையோடு, காலையிலேயே மூட்டு டாக்டரிடம் போ என்றார். "நான் லேட்டாப் போனேன், பாத்துக்கோ" என்று தன் கையை நீட்டினார்.

மறுநாள் காலை வீட்டுக்காரரை எழுப்பி, நான் விரலை மடக்கப் படும் பாட்டைப் போனில் வீடியோ எடுக்கச் சொன்னேன். அன்றைக்கு மாவை அவரே பிசைந்தார்.

மூட்டு டாக்டர் வீடியோவைப் பார்த்தார், ரத்தம் எடுத்துச் சோதித்தார். உடம்பின் எதிர்ப்புசக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதமாம். முன்னாலேயே வந்திருந்தால் இதைக் காப்பாற்றியிருக்கலாம் என்று, வளைய ஆரம்பித்திருந்த என் நடுவிரலைத் தொட்டுச் சொன்னார்.

மருந்தின் புண்ணியத்தில் இன்று எல்லா வேலையும் செய்கிறேன். அந்த விரல் மட்டும் நிமிரவில்லை. கேட்காத டாக்டர் மேலும், கிண்டலடித்தவர் மேலும், வலியை வெந்நீரில் கழுவிவிட்டுச் சிரித்த முகமாய்ப் போய் உட்கார்ந்த என் மேலும், சாக்பீஸைப் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.