மெத்தைக் கம்பெனி வீரர்

முதலில் நெற்றி, அப்புறம் கழுத்து, கடைசியில் இரண்டு புஜமும். என் இஸ்திரி மேஜையில் துணிக்குத் தெளிக்க வைத்திருக்கும் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மாடி வீட்டுத் தம்பி தன் மேலேயே தெளித்துக்கொள்கிறார். தண்ணீர் முத்து முத்தாக நிற்க வேண்டும். வழிந்துவிட்டால் துடைத்துவிட்டு மறுபடியும் தெளிப்பார். பிறகு போனைத் தையல் மிஷின் மேல் சாய்த்து வைத்து, மூச்சு இரைக்க இரைக்க, "வணக்கம் நண்பர்களே, இப்பதான் முடிச்சேன்!" என்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், அதில் பொய் கிடையாது. நிஜமாகவே ஓடி முடித்தவர்தான். ஆனால் அது விடிவதற்கு முன்னால். அந்த இருட்டில் படம் எடுத்தால் பல் மட்டும்தான் தெரியும். வெளிச்சம் வரும்போது குளித்துவிட்டுப் பளிச்சென்று இருப்பார். பளிச்சென்று இருக்கிறவனை எவன் வீரன் என்று நம்புவான்? அதனால் சிந்திய வியர்வைக்குச் சாட்சியாக என் கடைத் தண்ணீரைச் சிந்த வேண்டியிருக்கிறது. தெருவில் அவருக்கு 'ஈரத்தம்பி' என்று பெயர்.

என் தையல் கடைக்கு மேல் மாடியில் மனைவியோடு குடியிருக்கிறார். நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி, மூன்றையும் நடுவில் உட்காராமல் ஒரே காலையில் முடிக்கிற பந்தயம் அவருடைய பிழைப்பு. நீந்த மீனையும் ஓட மானையும் படைத்த கடவுள், எல்லாவற்றையும் ஒரே உயிர் செய்யட்டும் என்று நினைத்திருக்க மாட்டார். இவர் நினைக்கிறார். கன்னம் ஒட்டி, விலா எலும்பு தெரிய, கால் மட்டும் தேக்குக் கட்டை மாதிரி இருக்கும். முதன்முதலில் அளவெடுத்தபோது, எந்த உடம்புக்கு எந்தக் கால் என்று நானே தடுமாறிப்போனேன்.

போன் முன்னால் அவருடைய பேச்சு எதுவும் நேராகத் தொடங்காது. முதலில் நன்றி. முட்டி வலித் தைலத்துக்கு, சத்துமாவுக்கு, காலுறைக்கு, கறுப்புக் கண்ணாடிக்கு, கடைசியாக மெத்தைக்கு. நான் காலையில் சாமி கும்பிடும்போதுகூட அத்தனை பேரைக் கூப்பிடுவதில்லை. ஒருநாள், "ஏன் தம்பி, இவ்வளவு பேரும் உங்களைத் தாங்குறாங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"தாங்குறாங்கக்கா. ஆனா யாரும் காசா தாங்க மாட்டாங்க" என்றார்.

அதுதான் உள் விஷயம். ஸ்பான்சர் என்றதும் பணத்தை மூட்டையாகக் கட்டி வாசலில் வைப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். வாசலில் வைப்பது உண்மைதான், பெட்டியாக. சத்துமாவு டப்பா வந்து வந்து, அந்த வீட்டில் சர்க்கரையும் உப்பும் சோப்புத்தூளும் அதில்தான் இருக்கின்றன. காலுறைக்காரர் அனுப்பியது அத்தனையும் ஒரு சைஸ் சின்னது. "நாகரிகமா வாய மூடிக்கிட்டு விரல மடக்கிக்கிறேன்" என்பார். கறுப்புக் கண்ணாடியைப் படம் எடுத்ததும் திருப்பி அனுப்பிவிட வேண்டும். கொடுத்த எதையும் விற்கக் கூடாது என்று ஒப்பந்தமாம்.

மெத்தைக் கம்பெனி ஒன்றுதான் மாதா மாதம் பணமும் தரும். பணத்தோடு மெத்தையும் தரும். கூடத்தில் நாலு மெத்தை சுவரோடு சாய்ந்து நிற்கிறது. சைக்கிள் படுக்கை அறையில். அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிற பெண். வாய் கொஞ்சம் ஊசிதான். "சைக்கிள் கட்டில்ல தூங்குது, மெத்தை நின்னுக்கிட்டுத் தூங்குது, இவரு தூங்காமயே மெத்தை விளம்பரம் பண்றாரு. நான் எங்கக்கா படுக்க?" என்பாள். வாடகையும் அரிசியும் அவள் சம்பளத்தில்தான். அதை ஒருநாளும் அவள் சொல்லிக் காட்டியதில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லிக் காட்டுவாள்.

இந்த வருஷம் மெத்தைக்காரர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் இழுத்தடித்தார்கள். பெயர் போதுமான அளவுக்குத் தெரியவில்லையாம், போனில் போடுகிற படத்துக்கு 'லைக்' இதயம் விழவில்லையாம். ஏரிக்கரைப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார்கள். மனைவியின் அண்ணன் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். மெத்தை கைவிட்டால் அடுத்த மாதமே அந்தக் கடையில் போய் நிற்பது என்று மாடியில் பேச்சு முடிந்திருந்தது. "அண்ணன் பாவம், டைல்ஸ் மேல தண்ணி தெளிச்சுப் படம் எடுக்காம இருந்தா சரி" என்றாள் மனைவி. அவர் சிரித்தார். படியேறும்போது சிரிப்பு பாதிப் படியோடு நின்றுவிட்டது.

பந்தய உடுப்பு ஒன்று இருக்கிறது. நீந்தவும் ஓடவும் எல்லாவற்றுக்கும் அது ஒன்றேதான், தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். நடு நெஞ்சில் ஜிப்பு. மெத்தைக் கம்பெனியின் பெயர் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும். வெயிலில் ஓடும்போது எல்லோரும் ஜிப்பைத் தொப்புள் வரைக்கும் இறக்கிவிடுவார்கள். அப்போது பெயர் இரண்டாகப் பிரிந்து, எந்தப் பாஷையிலும் சேராத இரண்டு சொல்லாகத் தொங்கும். அதனால் கடைசிக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மூடிக்கொள்வது இந்த வீரர்களின் வழக்கம். படம் எடுப்பது கோட்டில்தானே.

பந்தயத்தன்று நானும் அவர் மனைவியும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்களுக்குப் பக்கத்தில் மெத்தைக் கம்பெனியின் விளம்பர மேனேஜர், இஸ்திரி கலையாத சட்டையில். முதல் ஆள் வந்தார், இரண்டாவது ஆள் வந்தார். மூன்றாவதாக நம் தம்பி! மூன்றுக்குள் வந்தால் அடுத்த வருஷம் வெளியூரில் நடக்கும் பெரிய பந்தயத்துக்கு நேராகச் சீட்டு. மனைவி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவன் வந்துகொண்டிருந்தான், ஆனால் தூரத்தில். வேகத்தைத் தணித்து ஜிப்பைத் தேடினார். வழியில் குடிக்கிற சர்க்கரைப் பசை விரலெல்லாம் ஒட்டியிருந்தது போலும், பிடி நழுவியது. குனிந்தார். மறுபடி நழுவியது. சட்டைப் பொத்தானைப் பூட்டத் தெரியாத குழந்தை மாதிரி தாடையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு, நடக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"அய்யோ, தொறந்தே கெடக்கட்டுங்க! ஓடுங்க!" என்று மனைவி கத்தினாள்.

ஜிப்பு ஏறியது. அதே நேரத்தில் அந்தப் பின்னால் வந்தவன், நெஞ்சைத் திறந்து போட்டுக்கொண்டு, யாருடைய பெயரும் தெரியாமல், இவரைத் தாண்டிப் போய்க் கோட்டில் விழுந்தான். நம்மவர் நாலாவது. நெஞ்சில் பெயர் மட்டும் பல்லிளித்துக்கொண்டு முழுதாகத் தெரிந்தது.

வேலிப் பக்கம் நின்ற யாரோ அதைப் போனில் பிடித்திருந்தார்கள். மறுநாள் காலைக்குள் உலகமே பார்த்துவிட்டது. என் கடைக்கு வருகிறவர்கள் துணியைக் கொடுப்பதற்கு முன்னால் போனைக் காட்டினார்கள். "மாடியில இருக்கிறது இவருதானா? இந்த ஜிப்புக்காரரு?" தெருவும் பெயரை மாற்றிவிட்டது. இத்தனை வருஷம் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கேட்டும் கிடைக்காத இதயமெல்லாம் ஒரே ராத்திரியில் கொட்டியது. கடவுள் கொடுக்கிறபோது கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுப்பார் என்பார்கள். கீழே நிற்கிறவன் தலையில் ஓடு விழும் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

அந்த வாரமே மேனேஜர் என் கடைக்கு வந்தார். தம்பியும் மனைவியும் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள்.

"சார், ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுத் தர்றோம். பணமும் முன்னவிட ஏத்தி. ஒரே ஒரு விளம்பரம் மட்டும் பண்ணிக் குடுக்கணும்" என்றார் மேனேஜர். "நீங்க ஓடி வர்றீங்க. கோட்டுக்குப் பக்கத்துல நம்ம மெத்தை கெடக்குது. பாத்ததும் அப்படியே சாஞ்சிடுறீங்க. பின்னாடி வர்றவன் தாண்டிப் போறான். நீங்க குறட்டை. அவ்வளவுதான் சார்!" பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க ஒரு நைட் டிரஸ் தைக்கணும்மா. கோடு போட்டது, தொளதொளன்னு. நெஞ்சுல அதே பேரு. தூங்குறதுக்குன்னே பிறந்த மாதிரி இருக்கணும்" என்றார்.

"யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க" என்று மேனேஜர் காரில் ஏறிப் போனார்.

கார் திரும்பியதுதான் தாமதம், மனைவி வெடித்தாள். "முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே! வாயில என்ன, அந்தச் சத்துமாவா?"

"நீதானே எப்பவும் கேலி பண்ணுவ?"

"நான் பண்ணுவேன். கூட இருக்கேன், பண்ணுவேன். இவன் யாரு? விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு ஓடுறத இவன் பாத்திருக்கானா? குறட்டை விடணுமாம்ல. அண்ணன் கடைக்கே போங்க, கௌரவமா நில்லுங்க."

அவர் என் இஸ்திரி மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்தார். "நாலாவதா ஓடி வந்ததுக்கு ஒருத்தனும் காசு தரல. தூங்குனா தர்றேங்கிறான். தூங்கிட்டுப் போறேன். அந்தக் காசுல அடுத்த வருஷம் ஓடிக்கிறேன்."

"ஊரே சிரிக்கும்."

"இப்ப மட்டும் அழுவுதா?"

அவள் பையை மாட்டிக்கொண்டு, என்னிடம்கூடச் சொல்லாமல், வேலைக்குப் போய்விட்டாள். பொழுது சாயும் வரை அவர் கடை வாசலிலேயே நடந்துகொண்டிருந்தார். அப்புறம் மேனேஜருக்குப் போன் போட்டு, சரி என்றார். போனை வைத்த கையோடு, "அளவு எடுங்கக்கா" என்றார்.

நான்கைந்து நாள் அந்த வீட்டில் பேச்சு அளந்துதான் நடந்தது. படிக்கட்டு இறங்கும் சத்தத்திலேயே எனக்குத் தெரியும். என்னால் ஆனது, இரண்டு பேருக்குமாகச் சேர்த்து வேண்டிக்கொண்டதுதான்.

கோடு போட்ட துணியில் தொளதொளவென்று சட்டையும் பைஜாமாவும் வெட்டி, ஓட்டுத் தையல் போட்டு, குண்டூசி குத்தி, போட்டுப் பார்க்கக் கொடுத்தேன். கண்ணாடி முன் நின்று முன்னும் பின்னும் பார்த்தார். சிரிப்பாரோ அழுவாரோ என்று நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து, தொடைப் பக்கத்தைக் கையில் சேர்த்துப் பிடித்தார்.

"இங்க கொஞ்சம் பிடிங்கக்கா. உள்பக்கம் உரசுது. கால் எடுத்து வைக்கிறப்ப சுருட்டிக்கும்."

"தம்பி, சாஞ்சு படுக்கத்தானே?"

"படுக்கிறதுக்கு முன்னாடி ஓடி வரணும்ல. அந்த ஓட்டம் ஒழுங்கா இருக்கணும்."

மண்டியிட்டு இரண்டு பக்கமும் பிடித்து ஊசி குத்தினேன். அவர் இரண்டு தடவை முழங்காலைத் தூக்கிப் பார்த்தார். "ஒரு நிமிஷம்" என்றவர், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டார்.

"ஊசி இருக்கு தம்பி, குத்தும்!" என்று நான் பின்னாலேயே வந்தேன். தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். எதிர்க்கடைக்காரர் போனை எடுத்தார். கோடு போட்ட பைஜாமாவில், வெறுங்காலோடு, முதுகு நேராக, பாதம் தரையில் பட்டதே தெரியாமல் தெருக்கோடி வரைக்கும் ஓடி, அதே வேகத்தில் திரும்பினார். விளையாட்டு இல்லை, பந்தய ஓட்டம். அதை வெளிச்சத்தில், நடுவில் நிற்காமல், முழுதாக நான் பார்த்தது அன்றுதான்.

வேலை முடிந்து மனைவி அந்த நேரம் பார்த்து வந்துகொண்டிருந்தாள். அவர் தன்னை நோக்கி வருவதைப் பார்த்து நின்றாள். எதிர்க்கடைக்காரரையும் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தேன்.

அவள் தோள்பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகிக் கழற்றி, நடைபாதையிலிருந்து ஓரடி இறங்கி, அவர் வரும் வழியில், பந்தயத்தில் தண்ணீர் கொடுப்பவர்கள் மாதிரி, கையை நீட்டிக்கொண்டு நின்றாள். வேகம் குறையாமல் அதைப் பறித்துக்கொண்டு அவர் தாண்டி ஓடினார்.