அடுப்படியில் ஒரு ஸ்டூல்

போன வாரம் முழுக்க நான் பக்கத்து வீட்டுச் சுவரில் காது வைத்துக்கொண்டிருந்தேன். ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது? அந்தப் பக்கம் தினமும் சிரிப்புச் சத்தம் கேட்டது — அதுவும் அடுப்படியிலிருந்து!

கணபதி என்கிற ஊரில் எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் 'நூறாயுசு' சொல்லலாம். அங்கே குடியிருப்பவர்கள் அந்தோணிசாமியும் அவர் மனைவி பிலோமினாவும். அவர் மில்லில் ஃபிட்டர். காலை ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதினால் அரை மணியில் சைக்கிள் மணி கேட்கும். கை கால் கழுவும் சத்தம் கேட்கும். அப்புறம் சிரிப்பு... ஒரு மணி நேரத்துக்கு.

சித்திரை மாதம். ஓட்டு வீடு. மத்தியான அடுப்படி. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? உங்கள் வீட்டு அடுப்படியில் கடைசியாக எப்போது சிரிப்புச் சத்தம் கேட்டது? யோசித்துப் பாருங்கள். நானும் யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

எங்கள் அடுப்படியில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். அதுவும் இந்த வருஷம் கொஞ்சம் ஓங்கியே கேட்டது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட மறுநாள் கமலம் — என் மனைவி — முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமை உடுமலைப்பேட்டையில இருந்து எங்கண்ணன் வாராரு. நானும் கொழந்தைகளும் அவருகூடப் போறோம். பள்ளிக்கூடம் தொறக்கறப்பத்தான் வருவேனுங்க."

"ரெண்டு மாசமா?"

"இந்த அடுப்படியில இன்னொரு கோடை என்னால ஆகாதுங்க."

சண்டை இல்லை. கண்ணீர் இல்லை. 'ங்க'வுக்கும் குறைச்சல் இல்லை. எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும், அதுதான் பயம். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நாலு நாளுக்கு மேல் அவள் பிறந்த வீட்டில் தங்கியதில்லை. பயந்துபோனேன். ஹோட்டல் சாப்பாட்டை நினைத்து அல்ல... சரி, அதையும் நினைத்துத்தான்.

வாரா வாரம் இந்தப் பத்திரிகைப் பத்தியை எழுதுகிற நான், பிழைப்புக்குச் சயின்ஸ் வாத்தியார். எதற்கும் ஒரு காரணம் உண்டு, காரணம் தெரிந்தால் வழி உண்டு என்று நம்புகிறவன். கோடை என்றாளா? அப்படியானால் வெக்கைதான் காரணம். அடுப்படி ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தேன். புகைகிற விறகடுப்பை ஓரங்கட்டிவிட்டு மரத்தூள் அடுப்பு வாங்கி வந்தேன். நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை நானே இடித்துக் கெட்டித்தும் கொடுத்தேன்.

"நல்லா இருக்குதுங்க" என்றாள் கமலம். சொல்லிவிட்டுப் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தாள்.

அன்றைக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. பொறுக்க முடியவில்லை. ஏணி கேட்கிற சாக்கில் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

"வாங்க சார், உள்ளயே வாங்க" என்று அடுப்படியிலிருந்தே கூப்பிட்டார் பிலோமினா.

எங்கள் அடுப்படியைவிடச் சின்னது. தட்டி கிடையாது. மரத்தூள் அடுப்பும் கிடையாது. புகை கண்ணைக் கரித்தது. பிலோமினா தரையில் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து கிர்ணிப் பழத்தை வகுந்துகொண்டிருந்தார். அந்தோணிசாமி ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து, காய்ந்த கிர்ணி விதைகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தார். நடுநடுவே, மில்லுக்கு வந்திருக்கும் புது மேஸ்திரி எப்படி நடப்பார் என்று உட்கார்ந்தபடியே தோளைக் குலுக்கிக் காட்டினார். பாதி விதை தரையில். பிலோமினா சிரித்த சிரிப்பில் பழமும் தரையில்.

முன்பே செய்து குளிரவைத்திருந்த கிர்ணிச் சாறு எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. எப்படிச் செய்தது என்று கேட்டேன்.

"இதுல என்னங்க சார் இருக்குது? பழத்தைச் சொரண்டி மத்துல ரெண்டு கடை கடைஞ்சு, நாட்டுச்சக்கரையும் ஏலக்காயும் போட்டு, கொஞ்சம் தேங்காப்பால் ஊத்தோணும். ஈர மணல் மேல மண்சட்டியில ஒரு மணி நேரம் வெச்சா சில்லுனு ஆயிரும். விதைப் பருப்பை மேல தூவிக்கோணும். அவ்வளவுதானுங்க."

குடித்தேன். அமிர்தம். ஆனால் புத்தி டம்ளரில் நிற்கவில்லை. இரண்டு வீடு, ஒரே வெயில், ஒரே ஓடு. இங்கே இருப்பது, எங்கள் வீட்டில் இல்லாதது எது? பையன்களுக்கு நான் வருஷா வருஷம் சொல்லிக்கொடுப்பது இதைத்தானே — வித்தியாசப்படுகிற ஒன்றைக் கண்டுபிடி! கண்டுபிடித்துவிட்டேன். ஸ்டூல்!

தெருமுனை ஆசாரியிடம் சொல்லி, அதே உயரம், அதே அகலத்தில் ஒன்று அவசரமாகச் செய்யச் சொன்னேன். சனிக்கிழமை காலையில் தலையில் சுமக்காத குறையாகக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தேன்.

"இந்தா கமலம், இனிமேக் கீழ குந்தி வேலை செய்ய வேண்டாம். சவுகரியமா இதுல உக்காந்துக்கோ."

அவள் ஸ்டூலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அடுப்பு தரையில இருக்குது. இத்தனை ஒசரத்துல உக்காந்து நான் என்னங்க பண்ணட்டும்?"

நியாயமான கேள்வி. மத்தியானம் எட்டிப் பார்த்தேன். ஸ்டூல் மேல் உளுந்து டின் உட்கார்ந்திருந்தது. டிரங்குப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது.

நேராகப் பிலோமினாவிடம் போய் முறையிட்டேன். "ஏனுங்கம்மா, உங்க ஸ்டூல் மாதிரியேதான் செஞ்சு குடுத்தேன். கமலம் உக்காரவே மாட்டீங்கறா. அவரு இல்லாதப்ப நீங்க எப்படி அதுல உக்காந்து வேலை செய்யறீங்க?"

அவர் முதலில் விழித்தார். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"நான் எங்கீங்க சார் அதுல உக்காந்தேன்? அது என்ற ஊட்டுக்காரருக்குங்க! நாளெல்லாம் மிஷினுகிட்ட நிக்கறாரு, கீழ குந்துனா முழங்கால் மடங்க மாட்டீங்குது. அவரு வந்து பக்கத்துல உக்காரட்டும்னு போட்டு வெச்சேன். பேச ஒரு ஆள் இருந்தா வேலை தானா ஓடிப்போயிருமுங்க."

ஒரு காகிதப் பொட்டலத்தில் காய்ந்த கிர்ணி விதையைக் கட்டி என் கையில் கொடுத்தார். "இதை கமலம் அக்காகிட்டக் குடுத்துப்போடாதீங்க சார். நீங்களே வெச்சுக்குங்க."

தெருவில் போன வண்டிக்காரனிடம் ஒரு கிர்ணிப் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உளுந்து டின்னை இறக்கிவிட்டு ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன்.

கமலம் திரும்பிப் பார்த்தாள். "காப்பி வேணுமுங்களா?"

"வேண்டாம்."

"பசிக்குதுங்களா?"

"இல்லை."

"சட்டைப் பட்டன் அந்துபோச்சுங்களா?"

சிரிப்பு வரவில்லை எனக்கு. பதினோரு வருஷத்தில் எதையாவது கேட்காமல் நான் அந்த அடுப்படிக்குள் கால் வைத்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. வெக்கைக்குத் தட்டி கட்டியிருக்கிறேன், ஆனால் ஆளை ஒருநாளும் பார்க்கவில்லை.

விதையை உரிக்க ஆரம்பித்தேன். முதல் பத்து விதையும் மாவாகிவிட்டது. நான் கொண்டுவந்த பழத்தை நறுக்கியபடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குப் பொறுக்கவில்லை.

"நகத்தை ஓரத்துல வெச்சு அமுக்கோணுமுங்க. நீங்க நசுக்கறீங்க."

அமுக்கினேன். பருப்பு முழுசாக நழுவி வந்தது. இன்னும் நாலைந்து பருப்பு சேர்ந்ததும் அவளே சொன்னாள்: "ஏனுங்க, காரமடைத் தேருக்கு வேகாத வெயில்ல நடந்தே போனோம்னு பத்தியில எழுதியிருந்தீங்களே... நாம பஸ்ஸுலதானுங்களே போனோம்?"

வாசகர்கள் மன்னிக்கவும். பஸ்ஸில்தான் போனோம்.

"நீ இதையெல்லாம் படிக்கிறயா?"

"வாரம் தவறாமப் படிக்கறனுங்க. நீங்கதான் ஒருநாளும் கேட்டதில்லை." அப்புறம் வரிசையாக எடுத்து விட்டாள் — எந்தெந்த வாரம் எங்கெங்கே புளுகினேன் என்று. என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கும்தான். அப்போது கவனித்தேன்... சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. காது வைத்திருப்பார்களோ?

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். கட்டிய பெட்டி கட்டியதுதான். போகவேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. பஸ் ஏறும் முன் கமலம் அண்ணனிடம் சொன்னாள்: "அண்ணா, பத்தே நாள்ல கொண்டாந்து விட்டுப்போடோணும்."

பிறகு ஜன்னல் வழியாக என்னிடம்: "நேத்துப் பழத்து விதையை மொறத்துல காயப்போட்டிருக்கறனுங்க. நீங்களா உரிச்சுப்போடாதீங்க. வந்துர்றேன்."

விதை முந்தாநாளே காய்ந்துவிட்டது. இன்னும் ஒன்றைக்கூட நான் தொடவில்லை — இது மட்டும் புளுகு இல்லை.